மனச்சிதைவுக்கு மருந்து எடுத்துவரும் தம்பிக்கு உடற்பயிற்சி எந்த அளவுக்கு உதவும்?

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 29 வயதாகிறது. கல்லூரி இறுதியாண்டில் இருந்தபோது அவனுக்கு மனச்சிதைவு நோய் இருப்பது தெரியவந்தது. அன்று முதல் தொடர்ந்து மருந்து எடுத்துக்கொள்கிறான். இப்போது இரவில் ஓலான்சபின் மாத்திரையும், கை நடுக்கத்துக்காக ட்ரைஹெக்சிபெனிடில் மாத்திரையும் கொடுக்கிறோம். தெருவில் போகிறவர்களெல்லாம் தன்னைப் பற்றியே பேசிக்கொள்கிறார்கள் என்ற எண்ணமும், காதில் விழுந்துகொண்டிருந்த குரல்களும் பெருமளவு அடங்கிவிட்டன. அந்த வகையில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதிதான்.

இப்போதைய கவலை வேறு. உடல் மிகவும் பெருத்துவிட்டது. பழைய சட்டை ஒன்றுகூடப் பொருந்துவதில்லை. சென்ற முறை எடுத்த இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டது என்றார்கள். காலையில் பத்து மணிக்கு எழுகிறான், சாப்பிடுகிறான், மறுபடியும் போய்ப் படுத்துக்கொள்கிறான். பசி மட்டும் ஓயாமல் இருக்கிறது. ஒரு காலத்தில் பள்ளிக்கூட அணிக்காகக் கபடி ஆடியவன் என்று சொன்னால் இன்று யாரும் நம்ப மாட்டார்கள். மருத்துவர் ஒவ்வொரு முறையும் "நடக்கச் சொல்லுங்கள்" என்கிறார். வெளியே அத்தனை பேர் காத்திருக்கும்போது, எவ்வளவு நேரம், எப்போது, எப்படி என்றெல்லாம் அவரிடம் விரிவாகக் கேட்க எங்களுக்கே கூச்சமாக இருக்கிறது.

இதற்கிடையில் எங்கள் சித்தப்பா, மாத்திரையால்தான் பையன் இப்படி ஆகிவிட்டான், அதை நிறுத்திவிட்டு யோகா வகுப்பிலோ உடற்பயிற்சிக் கூடத்திலோ சேர்த்துவிட்டால் மனமும் உடலும் சேர்ந்தே சரியாகிவிடும் என்று சொல்லி, அதற்கு ஆதாரமாகத் தினமும் காணொளிகளை அனுப்பிக்கொண்டிருக்கிறார். அம்மா பாதி நம்பத் தொடங்கிவிட்டார். உடற்பயிற்சியால் இந்த நோய்க்கு உண்மையிலேயே பயன் உண்டா, உண்டென்றால் எந்த அளவுக்கு? இந்த மாத்திரைகளோடு எங்கள் ஊர் வெயிலில் உடலை வருத்துவது ஆபத்தில்லையா? எல்லாவற்றுக்கும் மேலாக, எழுந்திருக்கவே விரும்பாத ஒருவனை எப்படி வெளியே அழைத்துச் செல்வது? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பணிநிறைவு பெற்ற மனநல மருத்துவர் எழுதியது:

உங்கள் சித்தப்பா சொல்வதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் அது ஆபத்தானதாகவும் இருக்கிறது. ஓலான்சபின் பசியைத் தூண்டி எடையைக் கூட்டும் என்பதிலும், சர்க்கரையையும் கொழுப்பையும் உயர்த்தும் என்பதிலும் ஐயமே இல்லை. இதே வகை மருந்தான குளோசபினுக்கும் இதே குணம் உண்டு. ஆனால் மருந்தை நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதும் நன்றாக ஆராயப்பட்ட விஷயம். 65 ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் லான்செட் இதழில் வந்த கட்டுரையின்படி, மருந்தைத் தொடர்ந்தவர்களில் சுமார் 27 விழுக்காட்டினருக்கு ஓராண்டுக்குள் நோய் மீண்டும் தலைதூக்கியது; மருந்திலிருந்து வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் அது 64 விழுக்காடு. ஆகவே உங்கள் தம்பியின் எடைக்கு விடை மருந்தை நிறுத்துவதில் இல்லை. எடையை அவ்வளவாகக் கூட்டாத அரிப்பிப்ரசோல் போன்ற மருந்துக்கு மாறலாமா, அல்லது இருக்கும் மருந்தோடு சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையைச் சேர்க்கலாமா என்று அவருடைய மருத்துவரிடம் கேட்கலாம். இரண்டும் வழக்கமாக எழும் கேள்விகள்தாம். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சித்தப்பா அனுப்பும் காணொளிகளின் பின்னே இருக்கும் குழப்பம் எனக்கு ஓரளவு புரிகிறது. மனச்சோர்வு நோய்க்குக் கிடைத்த முடிவுகளை எடுத்து எல்லா மனநோய்களுக்கும் பொதுவாக்கிவிடுகிறார்கள். மனச்சோர்வில் உடற்பயிற்சிக்கு உள்ள ஆதாரம் உண்மையிலேயே வலுவானது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், மனச்சோர்வு கொண்ட 50 வயதைக் கடந்த 156 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உடற்பயிற்சி, ஒரு பிரிவுக்கு செர்ட்ரலின் மாத்திரை, மற்றொரு பிரிவுக்கு இரண்டும் என 16 வாரங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். 1999-இல் வெளியான அந்த ஆய்வில், முடிவில் மூன்று பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறியிருந்தார்கள். மாத்திரை எடுத்தவர்களுக்குக் குணம் சற்று முன்னதாகத் தெரிந்தது, அவ்வளவே. 2023-இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த ஆய்வும் ஓட்டப் பயிற்சிக்கும் மருந்துக்கும் மனநிலையில் பெரிய வேறுபாடு இல்லை என்றே சொன்னது. ஆனால் மருந்துப் பிரிவில் 82 விழுக்காட்டினர் சிகிச்சையைச் சரியாகக் கடைப்பிடித்திருக்க, ஓட்டப் பிரிவில் 52 விழுக்காட்டினரே கடைப்பிடித்தார்கள். இந்த இரண்டாவது செய்தியைக் காணொளிகள் சொல்வதில்லை.

மனச்சிதைவின் கதை வேறு. அங்கே உடற்பயிற்சி மருந்தின் இடத்தைப் பிடிப்பதில்லை. மருந்து தொடாத இடங்களுக்குப் போகிறது. குரல்களையும் சந்தேகங்களையும் மருந்து அடக்கிவிடுகிறது. ஆர்வமின்மை, முகத்தில் உணர்ச்சி மங்குதல், யாருடனும் பழகத் தோன்றாமை, கவனமும் நினைவாற்றலும் குறைதல் போன்றவற்றை அது பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுகிறது. உங்கள் தம்பி எழுந்ததும் மறுபடி படுத்துக்கொள்வதில் மருந்தின் மயக்கத்துக்குப் பங்கு உண்டு, நோயின் இந்தப் பகுதிக்கும் பங்கு உண்டு. நோயாளிகளைக் கொண்டு செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வாரத்துக்குச் சுமார் 90 நிமிடங்கள், மூச்சு சற்று வாங்கும் அளவில் பயிற்சி செய்தவர்களுக்கு அறிகுறிகளில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரிந்தது. நினைவாற்றலிலும் கவனத்திலும் சிறிய, ஆனால் உண்மையான பயன் இருப்பதாகப் பின்னர் வந்த தொகுப்புகளும் காட்டின.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. மனநல மருத்துவர்களாகிய நாங்கள் நெடுங்காலம் அதற்கு உரிய கவனம் கொடுக்கவில்லை என்றே சொல்வேன். மனச்சிதைவு கொண்டவர்கள் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது ஆண்டுகள் முன்னதாக இறந்துபோகிறார்கள். தற்கொலை அதற்கு ஒரு காரணம்தான், ஆனால் அதைவிடப் பலரைக் கொண்டுபோவது இதய நோயும் அதைப் போன்ற உடல்நோய்களும். எனவே சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கும் 29 வயது இளைஞரை நடக்கச் சொல்வதை, போகிற போக்கில் சொல்லப்பட்ட அறிவுரையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வெயிலைப் பற்றி நீங்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி. உங்கள் தம்பி எடுக்கும் இரண்டு மருந்துகளுமே உடல் தன் வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும் ஆற்றலைக் குறைக்கக்கூடியவை. ட்ரைஹெக்சிபெனிடில் வியர்வையையே குறைத்துவிடும். அக்னி நட்சத்திர நாட்களில் பகலில் வெளியே நடப்பதோ விளையாடுவதோ கூடவே கூடாது. மாலை வெயில் தாழ்ந்த பிறகு போகட்டும், தண்ணீர் கூடவே இருக்கட்டும். உடல் கொதித்து, வியர்வை நின்று, பேச்சு குழறினால் அது வெப்பத் தாக்கு. உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடலை நனைத்துக் குளிர்வித்துக்கொண்டே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். படுக்கையிலிருந்து சட்டென எழும்போது தலை சுற்றுவதும் இந்த மருந்துகளில் உண்டு. உட்கார்ந்து, சற்றுப் பொறுத்து, பிறகு எழச் சொல்லுங்கள்.

இதைப் படிக்கும் மற்ற குடும்பங்களுக்காக இரண்டு செய்திகள். மனநிலை ஏற்ற இறக்க நோய்க்கு லித்தியம் எடுப்பவர்கள் அதிகமாக வியர்த்து, தண்ணீரும் உப்பும் குறைந்துபோனால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் நடுக்கம், தள்ளாட்டம் தெரிந்தால் தாமதிக்கக் கூடாது. குளோசபின் தொடங்கிய முதல் சில வாரங்களில் நெஞ்சுவலியோ, மூச்சுத்திணறலோ, ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சு படபடப்போ வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.


ஐயவாதி எழுதியது:

மருத்துவர் ஐயா சொன்னவற்றில் பெரும்பாலானவற்றோடு எனக்கு உடன்பாடுதான். இருந்தாலும், ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்துப் பார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவன் என்ற முறையில் சற்றுக் குளிர்ந்த நீரைத் தெளிக்க விரும்புகிறேன். எதிர்பார்ப்பு மிகுந்தால் ஏமாற்றமும் மிகும், அந்த ஏமாற்றத்தின் சுமை கடைசியில் நோயாளியின் தலையில்தான் வந்து விழும்.

உடற்பயிற்சி மூளையை வளர்க்கிறது என்ற செய்தி தமிழ் நாளிதழ்களில்கூட வந்திருக்கிறது. அதற்கு அடிப்படை ஜெர்மனியில் செய்யப்பட்டு 2010-இல் வெளியான ஓர் ஆய்வு. மூன்று மாதங்கள் மிதிவண்டிப் பயிற்சி செய்த மனச்சிதைவு நோயாளிகளுக்கு, நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப் பகுதி 12 விழுக்காடு பெரிதாகியிருந்தது. ஒப்பீட்டுக்காக இன்னொரு குழு நோயாளிகளை மேசைக் கால்பந்து ஆடவிட்டிருந்தார்கள். அவர்களிடம் இந்த மாற்றம் இல்லை. கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் பயிற்சி செய்த நோயாளிகள் மொத்தம் எட்டுப் பேர். பிற்பாடு வேறு குழுவினர் செய்த ஆய்வில் அந்த வளர்ச்சி தென்படவில்லை.

எடை விஷயத்திலும் நிலைமை இதுதான். டென்மார்க்கில் 428 பேரைக் கொண்டு நடந்த சேஞ்ச் ஆய்வில், தனித்தனிப் பயிற்றுநர்களை வைத்து ஓராண்டு வாழ்க்கைமுறை ஆலோசனை கொடுத்தும் இதய நோய்க்கான அபாயம் குறையவில்லை. பிரிட்டனில் 414 பேரோடு நடந்த ஸ்டெப்வைஸ் ஆய்வில், ஓராண்டு முடிவில் ஆலோசனை பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் எடையில் வேறுபாடே இல்லை. மாறாக, அமெரிக்காவின் மேரிலாந்தில் 291 பேரோடு நடந்து 2013-இல் வெளியான அச்சீவ் ஆய்வில் 18 மாத முடிவில் சராசரியாக 3.2 கிலோ வேறுபாடு கிடைத்தது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்தால், மேரிலாந்தில் நோயாளிகள் வழக்கமாக வந்துபோகும் மறுவாழ்வு மையத்திலேயே கூட்டாக உடற்பயிற்சி செய்யவைத்தார்கள், உணவையும் சேர்த்துக் கவனித்தார்கள். வெறும் அறிவுரை பயன் தரவில்லை, உடன் நின்று செய்யவைத்தது பயன் தந்தது என்பது என் வாசிப்பு. அப்படியும் கிடைத்தது மூன்று கிலோதான், அதுவும் ஒன்றரை ஆண்டில்.

ஒருவேளை இன்னும் முன்னதாகத் தொடங்கியிருந்தால் கதை மாறியிருக்கலாம். சிட்னியில், முதல் முறையாக நோய் வந்து அப்போதுதான் மருந்து தொடங்கிய இளைஞர்களுக்கு உணவு ஆலோசனையையும் உடற்பயிற்சியையும் கூடவே கொடுத்தார்கள். 12 வாரங்களில் அவர்களுக்கு 1.8 கிலோதான் கூடியது. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களுக்கு 7.8 கிலோ கூடியது. இது குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வன்று, பங்கேற்றவர்களும் குறைவு. ஆனாலும் ஏறிய எடையை இறக்குவதைவிட ஏறாமல் பார்த்துக்கொள்வது எளிது என்பதற்கு இது நல்ல சான்று. புதிதாக மருந்து தொடங்கும் குடும்பங்கள் யாரேனும் இதைப் படித்தால் முதல் மாதத்திலேயே எடையைக் கவனிக்கத் தொடங்குங்கள்.


பகல்நேர மையத்தில் பணிபுரியும் சிகிச்சையாளர் எழுதியது:

நான் தொழில்வழிச் சிகிச்சையாளராகப் பல ஆண்டுகளாக இத்தகைய இளைஞர்களோடு வேலை செய்கிறேன். எந்தப் பயிற்சி, எத்தனை நிமிடம் என்பதெல்லாம் பிறகு வரும் விஷயம். முதல் தடை கட்டிலுக்கும் வாசற்படிக்கும் இடையில்தான் இருக்கிறது; நீங்களும் அதைத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

"போய் நடந்துவிட்டு வா" என்று சொல்லாதீர்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குள் எத்தனை முடிவுகள் அடங்கியிருக்கின்றன என்று பாருங்கள்: எப்போது கிளம்புவது, எந்தச் சட்டை, எந்த வழி, எவ்வளவு தூரம், யாரையாவது பார்த்தால் என்ன பேசுவது, எப்போது திரும்புவது. நமக்கு இவை தாமாகவே நடந்துவிடும். தொடங்கும் உந்துதலே குன்றிப்போன ஒருவருக்கு இவை ஒவ்வொன்றும் தனித்தனி மலை. எனவே முடிவுகளை நீங்கள் எடுத்து வையுங்கள், நடையை மட்டும் அவரிடம் விடுங்கள். மாலை ஐந்தரைக்கு, கதவருகே செருப்பு, நீங்களும் கூடவே, தெருமுனை வரை. நாள்தோறும் அதே நேரம், அதே வழி. ஏதாவது வீட்டு வேலையோடு இணைத்துவிட்டால் இன்னும் நல்லது. பால் வாங்க, ரேஷன் கடைக்கு, கோயிலுக்கு என்று ஒரு காரணம் இருந்தால், நோய்க்காக நடத்தப்படுகிறோம் என்ற உணர்வு குறையும். ஆனால் ஏமாற்றி அழைத்துப் போக வேண்டாம்; சந்தேகம் நோயின் ஒரு பகுதியாக இருந்தவரிடம் அது பின்னால் பெரும் சிக்கலாகிவிடும்.

தொடக்கத்தில் பத்து நிமிடம் போதும். காலையில் பத்து, மாலையில் பத்து என்று பிரித்தாலும் தவறில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் இலக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள். அது சுவரில் ஒட்டிவைக்க வேண்டிய எண் அன்று, சில மாதங்களில் மெதுவாகப் போய்ச் சேர வேண்டிய இடம். வேகத்தை அளக்க எந்தக் கருவியும் வேண்டாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். நாடித்துடிப்பைக் காட்டும் கைக்கடிகாரத்தை நம்பிப் பயிற்சி செய்வோருக்கு ஓர் எச்சரிக்கை: பரபரப்பைத் தணிக்கச் சிலருக்கு ப்ரொப்ரனலால் கொடுப்பார்கள், அது துடிப்பையே குறைத்துவிடும், கடிகாரத்தின் எண்ணை வைத்து உழைப்பை அளக்க முடியாது.

பரபரப்பு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. சிலர் வீட்டுக்குள்ளேயே கூடத்துக்கும் சமையலறைக்குமாக ஓயாமல் நடப்பார்கள். வீட்டார், "பையன்தான் நாள் முழுக்க நடக்கிறானே" என்று மகிழ்ந்துபோவார்கள். ஓரிடத்தில் உட்காரவும் நிற்கவும் முடியாமல், கால்கள் தாமாகவே இழுக்க நடப்பது மருந்தின் பக்க விளைவாக இருக்கலாம். அவருக்கு அது பெரும் வேதனை. அதை உடற்பயிற்சி என்று எண்ணாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்தளவைச் சரிசெய்தால் பெரும்பாலும் குறைந்துவிடும்.

உங்கள் தம்பி கபடி ஆடியவர் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அந்த வரிதான் மிகவும் பயனுள்ளதாகப்பட்டது. உடல் ஒரு காலத்தில் எதை விரும்பியதோ அதன் அருகில் போய்த் தொடங்குவது எளிது. இப்போதைய எடையில் உடனே களத்தில் இறக்கினால் முழங்கால் போய்விடும். ஆனால் மாலையில் பிள்ளைகள் ஆடும் இடத்தை ஒட்டியே உங்கள் நடைவழி அமையலாம். நின்று பார்க்கட்டும். எங்கள் மையத்துக்கு வந்தவர்களில் ஒருவர் நெடுநாள் ஓரமாக நின்று மட்டையைக் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் இறகுப்பந்து ஆட வந்தார்.

நடையோடு தசை வலுவூட்டும் பயிற்சிகளையும் வாரம் இரு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு உடற்பயிற்சிக் கூடம் தேவையில்லை. கைப்பிடி இல்லாத நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்வது, சுவரில் கையூன்றித் தள்ளுவது, ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டிகளைத் தூக்கி இறக்குவது ஆகியவையே தொடக்கத்துக்குப் போதும். உணவைப் பொறுத்தவரை, பசியை அடக்கு என்று அவரிடம் சொல்லிப் பயனில்லை, ஏனென்றால் அது மருந்து தரும் பசி. வீட்டில் என்ன இருக்கிறது என்பதைத்தான் மாற்ற முடியும். சீனி போட்ட தேநீரும் குளிர்பானமும் ஒரு நாளில் எத்தனை முறை போகின்றன என்று முதலில் எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் ஒளிந்திருக்கும் எடை அங்கேதான் இருக்கிறது. மிக்சர், பிஸ்கட் இருந்த இடத்தில் சுண்டலோ வேகவைத்த கடலையோ இருக்கட்டும்.

தனி ஒரு குடும்பமாக இதைச் செய்வது களைப்பூட்டும் வேலை. சென்னையில் 1984-இல் மருத்துவர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப், மதுரையில் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை போன்ற அமைப்புகள் மனநோயிலிருந்து மீண்டுவருவோருக்கான மறுவாழ்வுப் பணிகளைச் செய்துவருகின்றன. உங்கள் பகுதியில் பகல்நேர மையம் ஏதும் இயங்குகிறதா என்பதை மாவட்ட மனநலத் திட்டக் குழுவிடம் கேட்டால் சொல்வார்கள்.


மாலைநடை எழுதியது:

மேலே எழுதியவர்கள் எல்லோரும் உங்கள் தம்பியை வெளியிலிருந்து பார்க்கிறார்கள். நான் அதே நோயோடும் அதே வகை மருந்தோடும் வாழ்கிறவன் என்பதால், அவர் சொல்லக்கூடிய, ஆனால் சொல்லாமல் இருக்கக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன்.

உடல் கனமாக இருப்பது மட்டும் தடையில்லை. எங்கள் தெருதான் பெரிய தடை. "என்னப்பா, ஆளே மாறிட்ட, இன்னும் வேலைக்குப் போகலையா?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் அன்றைய நடை அங்கேயே முடிந்துவிடும், அடுத்த சில நாட்களும் கூடவே போய்விடும். ஒரு காலத்தில் ஊரே தன்னைப் பார்க்கிறது என்று நம்பி நடுங்கியவருக்கு, இப்போது உண்மையாகவே நாலு பேர் பார்ப்பதும் பேசுவதும் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முடிந்தால் இரு தெரு தள்ளிப் போய், தெரிந்த முகங்கள் குறைவாக உள்ள இடத்தில் நடையைத் தொடங்குங்கள். மங்கிய வெளிச்சம் எனக்கு உதவியது. காதில் பாட்டு இருந்தால் எனக்குக் குரல்களின் தொல்லையும் குறைகிறது, பேச வருகிறவர்களும் குறைகிறார்கள். சாலையோரத்தில் மட்டும் ஒரு காதைத் திறந்து வைத்துக்கொள்வேன்.

கூட வருகிறவர் நடக்கும்போது அறிவுரை சொல்லாமல் இருந்தால் போதும். என் அண்ணன் கிரிக்கெட்டைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டு வருவார், நான் பதில் சொல்லாவிட்டாலும் அவர் பாட்டுக்குப் பேசுவார். அது பெரிய உதவி. எடை பார்க்கும் எண்ணை வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் அறிவிக்க வேண்டாம். அந்த எண் நெடுநாள் அசையவில்லை, ஆனால் இரவில் தூக்கம் சீராகி, மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவது அதற்கு வெகு முன்பே குறைந்துவிட்டது. நான் விடாமல் தொடர்ந்ததற்குக் காரணம் அந்த மாடிப்படிதான்.

ஒரு நாள் அவர் வர மறுத்தால் விட்டுவிடுங்கள். மறுநாள் அதே நேரத்தில், நேற்று நடந்ததைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நில்லுங்கள்.


பொருநைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தெருவைப் பற்றிச் சொன்னது எங்கள் யாருக்கும் தோன்றாத கோணம். அவன் ஏன் வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிவிடுகிறான் என்று இப்போது ஓரளவு விளங்குகிறது. மாலையில் பக்கத்துக் குடியிருப்பின் பின்புறச் சாலையில் அவனோடு நடக்க எண்ணியிருக்கிறேன். மருத்துவர் ஐயாவிடம் இரண்டு கேள்விகள் மிச்சம் இருக்கின்றன. மருந்தைத் தொடர்ந்துகொண்டே யோகா வகுப்புக்கு அனுப்பினால் தவறில்லையா? சித்தப்பாவையும் முழுவதுமாகப் பகைத்துக்கொள்ள எங்களால் முடியாது. அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது, கிடைக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் எவற்றைக் கேட்பது நல்லது?


பணிநிறைவு பெற்ற மனநல மருத்துவர் எழுதியது:

யோகாவுக்குத் தாராளமாக அனுப்பலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் மனச்சிதைவு நோயாளிகள் 61 பேரை இரு பிரிவாக்கி, மருந்தோடு கூட ஒரு பிரிவுக்கு யோகாவும் மற்றதற்கு வேறு உடற்பயிற்சியும் கொடுத்து நான்கு மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, யோகா செய்தவர்கள் அறிகுறிகளில் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். 2007-இல் வெளியான அந்த ஆய்வில் இறுதிவரை இருந்தவர்கள் 41 பேர்தாம், எனவே ஐயவாதி நண்பர் இதையும் விட்டுவைக்க மாட்டார்; இருப்பினும் நம் ஊர்ச் சூழலில் செய்யப்பட்டது என்பதால் எனக்கு இதன் மேல் கொஞ்சம் பற்று உண்டு. சித்தப்பாவிடம் இதையே சொல்லுங்கள்: யோகா நல்லதுதான் என்று காட்டிய அந்த ஆய்வில் ஒருவருக்கும் மருந்தை நிறுத்திவிட்டு யோகா கொடுக்கவில்லை. வகுப்பு எடுப்பவரிடம் நோயைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். ஆசனங்களும் எளிய மூச்சுப் பயிற்சியும் போதும். கண்களை மூடி நீண்ட நேரம் தனியே அமரும் தியானத்தையும், மூச்சை வேகமாக இழுத்து விடும் கடும் பயிற்சிகளையும் தவிர்க்கச் சொல்வேன். குரல்கள் கேட்ட வரலாறு உள்ள சிலருக்கு அவை அறிகுறிகளைக் கிளறிவிடக்கூடும். யோகா வகுப்பு நடைக்கு மாற்றாகவும் ஆகிவிட வேண்டாம், ஏனென்றால் சர்க்கரைக்கு நடையின் உதவி கூடுதலாகத் தேவை.

மருத்துவமனைக்குப் போகும்போது, எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைத் தேதியோடு ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோய் நீட்டுங்கள். நம் நாட்டு ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ.-க்கு மேல் போனால் கவனம் தேவை, பெண்களுக்கு 80. எழுதிய தாளைக் கையில் கொடுத்தால், எவ்வளவு நெரிசலிலும் மருத்துவரின் கண் அதில் பதிந்தே தீரும் என்பது என் அனுபவம். பிறகு மூன்று கேள்விகள். கை நடுக்கம் இப்போது இல்லையென்றால் ட்ரைஹெக்சிபெனிடில் இன்னும் தேவையா, அதை மெதுவாகக் குறைக்கலாமா என்று கேளுங்கள். பலருக்கு அது தேவைக்கு மேல் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்துகொண்டிருக்கிறது, மறதியையும் வெப்பத்தைத் தாங்காமையையும் அது கூட்டுகிறது. நீங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. இரவு மாத்திரையைச் சற்று முன்னதாக, எட்டு மணி வாக்கில் கொடுத்தால் காலை மயக்கம் குறையுமா என்று கேளுங்கள். மெட்ஃபார்மின் பற்றி முன்பே சொன்னேன்.

தம்பிக்குப் புகைப் பழக்கம் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். சிகரெட், பீடிப் புகை ஓலான்சபினை உடலிலிருந்து விரைவாக வெளியேற்றும்; உடற்பயிற்சித் தொடங்கிய உற்சாகத்தில் புகையையும் ஒரேயடியாக விட்டால், அதே மாத்திரையின் அளவு இரத்தத்தில் ஏறி, மயக்கமும் சோர்வும் முன்னைவிட அதிகமாகத் தெரியலாம். நடையால்தான் களைத்துவிட்டான் என்று வீட்டில் எண்ணிக்கொண்டு நடையை நிறுத்திவிடுவார்கள். உண்மையில் சரிசெய்ய வேண்டியது மருந்தளவு. புகையை விடுவது மிக நல்ல காரியம். விடும் முன்பே மருத்துவருக்குத் தெரிவித்துவிட்டால் போதும்.